பேஸ்மட்டத்து மண்

புது வீட்டுக் கூடத்தில் கால் வைத்ததும் காசிலிங்கத்தின் உள்ளங்காலில் ஈரம் பட்டது. யாரோ குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று வைதுகொண்டே சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் வரைக்கும் போனார். அங்கே மூடி போடாத வெறும் பைப்புகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான், வீட்டுக்கு இன்னும் தண்ணீரே கொடுக்கவில்லை என்பது உறைத்தது.

திரும்பி வந்து கூடத்தின் நடுவில் குந்தினார். வெளியே பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடற்காற்று இன்னும் எழும்பவில்லை. ஈ.சி.ஆரில் போகிற பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் ஒருமுறை கேட்டு அடங்கியது. பெயின்ட் வாசனையும் புதுக் கதவுகளின் வார்னிஷ் வாசனையும் அடைந்து கிடந்த அந்தக் கூடத்தில், அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து, வெயிலில் நாள்கணக்காகச் சுண்டிச் சுண்டிக் கெட்டிப்பட்ட உப்புத் தண்ணீரின் கசந்த வாடை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவிலிருந்த கோட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, பஞ்சுத் திரியைப் பிரித்து நீட்டி வைத்தது மாதிரி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

கடலோரத்து வீட்டில் உப்புப் பூப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் காசிலிங்கம் மரக்காணத்து உப்பளத்து வரப்பிலேயே வளர்ந்து, இன்று லீஸுக்கு அளம் எடுத்து ஆள் வைத்து உப்பு வாருகிறவர். சுவரில் பூக்கிற உப்புக்கும் பாத்தியில் விளைகிற உப்புக்கும் உள்ள வித்தியாசம் அவர் நாக்குக்குத் தெரியும். இது பாத்தி உப்பு. கத்திரி வெயிலில் வாருகிற உப்பு. வேட்டி முனையால் அதைத் துடைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். எதற்காக அப்படித் திரும்பினோம் என்று அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாளும் அதே இடத்தில் பூத்திருந்தது. துடைத்தார். அதற்கடுத்த நாள் கூடத்தின் நடுவில் பாதி இடத்துக்குப் பரவிவிட்டது. மனைவி ரேகாவின் கண்ணிலும் பட்டுவிட்டது. தந்த நிறத்தில், குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பில், திண்டிவனத்தில் கடை கடையாக ஏறி இறங்கி அவள் பொறுக்கியெடுத்த டைல்ஸ் அது. அன்றைக்கே போன் போட்டு, ஒட்டின பஞ்சநாதனை வரவழைத்தாள்.

பஞ்சநாதன் ரப்பர் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். சுவரோரத்தில் கெட்டியாக வந்த சத்தம், நடுக்கூடத்துக்கு வந்ததும் காலிப் பானையைத் தட்டினது மாதிரி மாறியது.

"கீழ வெத்தா இருக்குதுண்ணே. நான் ஒட்டுறப்ப கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றான். "பேஸ்மட்டத்துக்கு இன்னா மண்ணு ரொப்புனீங்க?"

"ஏரி மண்ணுதான்."

ரேகா சட்டென்று திரும்பினாள். "ஏரி மண்ணா? நம்ம அளத்துலேர்ந்துதானங்க டிராக்டர் டிராக்டரா வந்துச்சு?"

"அதுவும் கொஞ்சம் கலந்திருக்கும்."

"உப்பு மண்ணப் போயி யாராச்சும் வீட்டுக்கு ரொப்புவாங்களாண்ணே?" பஞ்சநாதன் சிரித்தேவிட்டான்.

"அப்ப பேத்து எடுத்துட்டு வேற மண்ணு ரொப்பிடுங்க. குடி வந்துட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள் ரேகா.

"செய்யலாம்க்கா. ரெண்டு ஆள் போட்டா..."

"வேணாம்" என்றார் காசிலிங்கம். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "மண்ணத் தொட வேணாம். மேலயே ஏதாவது பண்ணு."

பஞ்சநாதன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தான். கோடுகளையெல்லாம் சுரண்டிவிட்டு எபாக்ஸி போட்டு அடைத்துவிடுவதாகச் சொன்னான். வர வழியில்லாவிட்டால் ஈரம் தானாக அடங்கிவிடும் என்றான்.

அடங்கவில்லை.

எபாக்ஸி காய்ந்த பிறகு ஒரு மத்தியானம். எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போயிருந்தான், வீட்டில் காசிலிங்கம் மட்டும்தான். ஃபேன் மாட்டாத கூடத்தில் வியர்க்க வியர்க்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், முதலில் அதை வெளியே யாரோ மணல் சலிக்கிற சத்தம் என்றுதான் நினைத்தார். சர்ர்ர் என்று ஓர் இழுப்பு, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடியும் சர்ர்ர். நீளமான கழியின் முனையில் கோத்த பலகையைத் தண்ணீருக்கடியில் போட்டு, தன் பக்கமாக இழுத்து, உப்பை ஓரமாகச் சேர்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் பலகையைத் தூக்கிப் போடுகிறவர்களின் நிதானம் அதில் இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். ரோடு வரைக்கும் ஒரு ஆள் இல்லை. வெயில்தான் வெள்ளையாக நின்றது. ஸ்டூலுக்குத் திரும்பும்போதுதான் தெரிந்தது, அந்தச் சத்தத்தைக் காதில் கேட்கவில்லை. உள்ளங்காலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசற்படியை ஒட்டியிருந்த டைல்ஸ் பட்டென்று வெடித்து, கூடாரம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டது.

அடுத்தது.

அதற்கடுத்தது. இடது பக்கம், வலது பக்கம், இடது பக்கம். ஆள் நடக்கிற இடைவெளியில். கீழேயிருந்து. அவர் கால்களைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டார். நடுக்கூடத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கடைசி டைல்ஸ் தூக்கி நின்றது. பிறகு ஒன்றுமில்லை. பலகைச் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

"வெயிலுக்குத் தூக்கும்ணே. கேப் கொஞ்சம் கம்மியா உட்டுட்டேன் போலருக்குது" என்று வந்து பார்த்த பஞ்சநாதன் தலையைச் சொறிந்தான். தூக்கிக்கொண்டவற்றைப் பெயர்த்தான். அடியிலிருந்த சிமென்ட் பூச்சின் மேல் உப்பு ஒரு படுக்கை மாதிரி உறைந்திருந்தது. அதில் பள்ளங்கள். தலைமாட்டில் உருண்டையாக ஒன்று. அதற்குக் கீழே அகலமாக இரண்டு. கடைசியில், குதிகால் அளவுக்குச் சின்னதாக இரண்டு.

"யாரோ மல்லாக்கப் படுத்து எழுந்த மாதிரி இல்லண்ணே?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பஞ்சநாதன் மண்வெட்டியால் அதைச் சுரண்டி ஓரத்தில் தள்ளினான்.

காசிலிங்கம் வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார்.

அவர் அளத்தில் உப்பு வாரின செல்லம்மாள் விழுந்ததும் மல்லாக்கத்தான். போன வருஷம், கத்திரி தொடங்கிய வாரம், லாரி வருகிற நாள். "தல சுத்துது முதலாளி, வூட்டுக்குப் போறேன்" என்று வரப்பில் வந்து நின்றவளை, "இந்த ஒரு பாத்திய வாரிட்டுப் போயேன், லாரி வந்துடும்" என்று திருப்பி அனுப்பியது அவர்தான். மற்ற ஆட்கள் கஞ்சி குடிக்க ரோட்டோர மரத்தடிக்குப் போயிருந்தார்கள். அவள் சாய்ந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார். ஓடித்தான் போனார். தூக்கிக்கொண்டுதான் வந்தார். தன் லோடு வண்டியின் பின்னால் கிடத்தும்போது அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், பார்த்தார்.

ஆஸ்பத்திரி கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே போனால் கேட்பார்கள். நிழலுக்கு ஒரு கொட்டகை கூடக் கிடையாதா, குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லையா, முடியவில்லை என்றவளை யார் பாத்தியில் இறக்கியது? லீஸே போய்விடும். வண்டியை அவள் தெருவுக்குத் திருப்பினார். அந்த வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. அவள் மகள் கலைமதி பாண்டிச்சேரி ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். செல்லம்மாளை அவள் வீட்டுச் சிமென்ட் தரையில் படுக்க வைத்தார். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்து கேட்டுவிட்டால் எழுந்து வர முடியாது என்று தோன்றியதால் அவர் குனியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து லாரிக்கு உப்பு ஏற்றினார்.

சாயங்காலம் கலைமதி வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. "தல சுத்துதுன்னுச்சு, நான்தான் வூட்ல கொண்டாந்து உட்டேன், நல்லா பேசிக்கிட்டுதான் வந்துச்சு" என்று அவர் சொன்னதை ஊர் முழுக்க நம்பியது. எந்த முதலாளி இவ்வளவு செய்வான் என்றுகூடச் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் அவரைத் தின்றது. ரோட்டில் போகும்போதெல்லாம் கண் அந்தப் பாத்திக்கே போனது. வீட்டுக்கு அஸ்திவாரம் எழும்பியதும், ஆள் விட்டு அந்தப் பாத்தியை அடிவரைக்கும் வெட்டி, டிராக்டரில் ஏற்றி, பேஸ்மட்டத்துக்குள் கொட்டி மூடிவிட்டார். இனிமேல் கண்ணில் படாது என்று நினைத்துத்தான் செய்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரேகா மறுபடியும் ஆரம்பித்தாள். "எடுத்துடலாங்க. மண்ணுதானே? ஏன் இப்படிப் புடிவாதம் புடிக்கிறீங்க?"

"எடுத்து எங்க கொட்டறது?"

"எங்கயாச்சும் கொட்டறது. இது ஒரு கேள்வியா?"

அவருக்கு அது ஒரு கேள்விதான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் கிரானைட் என்று முடிவானது. ரேகாவுக்குக் கறுப்பு பிடிக்கவில்லை, வீடே இருட்டடித்துவிடும் என்றாள். அவர் கேட்கவில்லை. கடையில் சாய்த்து வைத்திருந்த கற்களிலேயே தடிமனானதைத் தேடித் தேடிக் கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கனமா இருக்குமா? யாராலயும் தூக்க முடியாதுல்ல?"

கடைக்காரர் சிரித்தார். "வீட்டுத் தரையை யார் சார் தூக்கப் போறாங்க?"

டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தார்கள். தடித்த பாலித்தீன் ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற விரித்து, சுவர் வரைக்கும் மடித்துவிட்டு, மேலே காங்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு கற்களைப் பதித்தார்கள். ஒவ்வொரு கல்லும் இறங்கும்போது காசிலிங்கம் பக்கத்திலேயே நின்றார். பாலீஷ் போட்டு முடித்ததும் கூடம் கறுப்புக் குளம் மாதிரி ஆகிவிட்டது. கூரையும் ஜன்னலும் தலைகீழாக அதில் நின்றன.

சித்திரை முழுக்கத் தரை காய்ந்தே கிடந்தது. உப்பு இல்லை, வாடை இல்லை. வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். கல் குளிர்ச்சியாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவர் படுத்ததும் தூங்கினார். அவள் விதி அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் போயிருப்பாள் என்று நினைக்கக்கூட முடிந்தது.

கிருகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாமான்களை இறக்கிவிட்டு எல்லோரும் போன பிறகு, ஜன்னலைச் சாத்த வந்தவர் கூடத்தில் நின்றார். நடுவில், கல்லின் மேல், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மங்கியிருந்தது. கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படிகிற மங்கல். துண்டை எடுத்துத் துடைக்கப் போனார். துடைப்பதற்கு முன்பே அது சுருங்கி, சுருங்கி, மறைந்துவிட்டது.

கல் பளிச்சென்று இருந்தது.

மறுபடி மங்கியது.

மறைந்தது.

மங்கியது.

மூச்சு. அடியிலிருந்து.

துடைத்தார். மங்கல் போகவில்லை. அது கல்லுக்கு மேல் இல்லை. உள்ளே இருந்தது. காதை வைத்தால் தெரிந்துவிடும். முழங்கால் மடங்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தை இழுத்து வந்து அதன்மேல் விரித்துவிட்டு, கதவைப் பூட்டாமல்கூட வெளியே வந்துவிட்டார்.

விடியற்காலையில் பசு வந்தது, ஹோமம் நடந்தது, ரேகா பால் காய்ச்சினாள். புகையும் நெய் வாசனையும் சொந்தக்காரர்களின் சத்தமும் கூடத்தை நிறைத்திருந்தவரை காசிலிங்கத்துக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. ஜமுக்காளத்தின் மேல் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் பந்தி முடிந்ததும், "என்னங்க இது, நடுவுல நனைஞ்சு கெடக்குது, கொழந்த ஏதாச்சும் பண்ணிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ரேகா அதைச் சுருட்டி எடுத்துப் போனாள். அவர் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் கலைமதி வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கையில் ஒரு சில்வர் குடத்தோடு.

"வாம்மா கலை" என்று உள்ளேயிருந்து ரேகாவின் குரல் கேட்டது. "நான்தாங்க வரச் சொன்னேன். தலத்தெவசம் முடிஞ்சிடுச்சு, இனிமே நல்ல காரியத்துக்கு வரலாம்ல."

கலைமதி நேராக நடுக்கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நின்றாள். "வீடு நல்லா இருக்குது முதலாளி. அம்மா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருக்கேன். அன்னிக்கு வண்டியில வர்றப்ப அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உன்னத்தாம்மா கேட்டுச்சு. கலை வந்துட்டாளா, வந்துட்டாளான்னு." பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

அவள் கண் நிறைந்துவிட்டது. "போதும் முதலாளி. அது போதும். நீங்க நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிட்ட கையைப் பார்க்க முடியாமல் அவர் கண்ணைத் தாழ்த்தினார். அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் கல் மங்கியது. தெளிந்தது. மங்கியது. முன்பைவிட வேகமாக.

கலைமதியும் குனிந்து பார்த்தாள். உள்ளங்கால் கூசியது போலக் காலைத் தூக்கினாள். "யாரு?" என்றாள். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

"கலை, வா, சாப்பிடு வா" என்றார் காசிலிங்கம்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். மண்டியிட்டாள். கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைக் கல்லில் பதித்தாள். சுற்றியிருந்த பெண்கள் பதறி எழுந்தார்கள். யாரோ பொண்ணுக்கு மயக்கம் என்றார்கள். ரேகா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். கலைமதி படுத்தபடியே ஒரு கையை உயர்த்தினாள். பேசாதீர்கள் என்பது போல. கூடம் அடங்கியது.

"ம்" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, "ம்."

தொண்டை வறண்டு, திணறித் திணறிப் பேசுகிறவர்களுக்குச் சொல்கிற "ம்".

"சொல்லும்மா. நான் வந்துட்டேன். மெதுவா சொல்லு."

காசிலிங்கத்தின் கால்கள் கல்லோடு ஒட்டிக்கிடந்தன. கற்கள் சேருகிற கோட்டில் வெள்ளையாகப் பூத்தது. நகர்ந்தது. அவள் காதோரத்தில் ஏறியது. அவள் துடைக்கவில்லை. கறுப்புக் கல்லுக்குள்ளே இன்னொரு கன்னம் அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. நிழல்தான், கண்ணாடி மாதிரிக் கல், நிழல் விழத்தான் செய்யும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். கலைமதியின் உதடுகள் மூடியிருந்தன. கல்லுக்குள் இருந்த உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"ம்" என்றாள் கலைமதி.

காதை எடுக்காமலே அவள் கண்கள் மேலே ஏறின. சுற்றி நின்றவர்களின் கால்களுக்கு நடுவே தேடின. அவரிடம் வந்து நின்றன. கீழே இருந்த கண்களும் திரும்பின.

உதடுகள் நிற்கவில்லை.